ஸ்மார்ட் பிளக்கில் ஃபர்ம்வேர் ஏறவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

பிளக்கின் சொந்த ஃபர்ம்வேருக்கு (உள்ளே ஓடும் மென்பொருளுக்கு) பதிலாக டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் போன்ற வேறு ஃபர்ம்வேரை ஏற்றப் போய், "பிளக் செத்துப்போச்சு" என்று ஓரமாக வைத்துவிட்டவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது ஈஎஸ்பி8266 வகை சிப் என்றால், தப்பான ஃபர்ம்வேரால் அதைக் கொல்ல முடியாது. சிப் விழித்ததும் முதலில் ஓடும் சிறு நிரல் ஃபிளாஷில் (ஃபர்ம்வேர் எழுதப்படும் நினைவகத்தில்) இல்லை, சிலிக்கனிலேயே பதிந்திருக்கிறது. ஃபிளாஷில் நீங்கள் குப்பையையே எழுதியிருந்தாலும் அந்த நிரல் அப்படியே இருக்கும், சீரியல் (கணினியோடு கம்பியில் பேசும் இணைப்பு) வழியாகக் கூப்பிட்டால் பதில் சொல்லும். சிப் எரிந்திருந்தால்தான் கதை முடிந்தது. அதனால் பதற்றத்தில் ஐந்து விதமான ஃபைல்களை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்க்க வேண்டாம். வேலை எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்தப் படியைத் தாண்டியவற்றில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று, இதில் சமரசமே இல்லை. சீரியல் கம்பி மாட்டியிருக்கும்போது பிளக்கை ஒருபோதும் மெயினில் (சுவர் மின்சாரத்தில்) செருகக் கூடாது. இந்தப் பிளக்குகளில் பலவற்றின் மின்வழங்கி தனிமைப்படுத்தப்படாதது. பலகையில் "கிரவுண்டு" என்று எழுதியிருக்கும் புள்ளியே மெயினின் ஃபேஸோடு நேரடியாகச் சேர்ந்திருக்கலாம். அதில் யுஎஸ்பி-சீரியல் அடாப்டரை மாட்டிச் செருகினால் அடாப்டர், கணினி, அதைத் தொட்டிருக்கும் கை எல்லாவற்றுக்கும் ஆபத்து. சீரியல் வேலை நடக்கும் நேரம் முழுக்க மின்சாரம் அடாப்டரின் 3.3 வோல்ட்டிலிருந்தோ, பிளக்குக்கு வெளியே இருக்கும் தனி 3.3 வோல்ட் சப்ளையிலிருந்தோ மட்டுமே வர வேண்டும். மெயினில் செருகிப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாக் கம்பியையும் கழற்றி, மேல்மூடியை முழுதாக மூடிய பிறகுதான்.

சரி, தொடங்கும் முன் சிப் எதுவென்று பாருங்கள். வைஃபை மாட்யூலின் மேல் அல்லது பின்பக்கம் பெயர் இருக்கும். டிஒய்டபிள்யூஇ என்று தொடங்கினால் ஈஎஸ்பி8266 குடும்பம். சிபி அல்லது டபிள்யூபி என்று தொடங்கி எண் வந்தால் பெக்கன் நிறுவனத்தின் பிகே7231. டபிள்யூஆர் என்றால் ரியல்டெக். அட்டைப்பெட்டியின் மாடல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரே மாடல் எண்ணில் வேறு வேறு சிப்புகள் வருவது சகஜம். டாஸ்மோட்டா ஈஎஸ்பி சிப்புகளுக்கு மட்டுமே. பிகே7231-க்கு ஓபன்பெக்கன், அல்லது லிப்ரடைனி வழியாக ஈஎஸ்பிஹோம்.

கம்பியில்லாமல் ஏற்றும் கருவி "காத்திருக்கிறேன்" என்றே நிற்கிறது

டூயா-கன்வர்ட் கருவி டூயா நிறுவனத்தின் மென்பொருளில் ஓடும், ஈஎஸ்பி8266 உள்ள பழைய பிளக்குகளுக்காக எழுதப்பட்டது. பிளக் உங்கள் கணினியின் வைஃபையில் சேர்ந்து, அப்புறம் நகரவே இல்லை என்றால் இரண்டே காரணம்தான் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது ஈஎஸ்பி இல்லை. அல்லது இந்தக் கருவி நுழையும் பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்ட புதிய ஃபர்ம்வேர் அதில் இருக்கிறது. இரண்டிலும் எத்தனை முறை முயன்றாலும் பலன் வராது. பெக்கன் சிப்புக்கு டூயா-கிளவுட்கட்டர் உண்டு, அதுவும் பழைய ஃபர்ம்வேரில்தான் எடுபடும். ஆகவே பிளக் வாங்கியதும் "அப்டேட் செய்யவா?" என்று அதன் ஆப் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே அப்டேட் ஆகிவிட்டதா? சால்டரிங் அயர்னை எடுங்கள்.

கணினியில் போர்ட்டே தெரியவில்லை

இதற்கும் பிளக்குக்கும் சம்பந்தமில்லை. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு அடாப்டரை மட்டும் செருகிப் பாருங்கள். சார்ஜ் செய்ய மட்டுமே உதவும் யுஎஸ்பி கேபிள்தான் அடிக்கடி மாட்டும் குற்றவாளி. அதில் டேட்டா கம்பியே இருக்காது. அடுத்தது, அடாப்டரில் இருக்கும் சிஎச்340 அல்லது சிபி2102 சிப்புக்கான டிரைவர். லினக்ஸில் டிரைவர் கர்னலோடே வந்துவிடும், ஆனால் உங்கள் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இல்லையென்றால் அனுமதி மறுக்கும். உபுண்டு 22.04-ல் இன்னொரு வம்பு உண்டு: பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை சிஎச்340-ஐத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு நொடி தோன்றி மறைந்தால் அதுதான். பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தச் சேவையை நீக்கிவிடலாம்.

"கனெக்டிங்" என்று புள்ளிகள் ஓடி, நேரம் முடிந்து நின்றுவிடுகிறது

வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இங்கேதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மின்சாரம். ஈஎஸ்பி8266 வைஃபையை எழுப்பும் நொடியில் 300 மில்லிஆம்பியருக்கு மேலும் இழுக்கும். சில அடாப்டர்களில் வரும் எஃப்டி232ஆர்எல் சிப் தன் 3.3 வோல்ட் பின்னில் தரக்கூடியது 50 மில்லிஆம்பியர்தான், சிபி2102-இல் 100. தனி ரெகுலேட்டர் இல்லாத அடாப்டர் என்றால் சிப் விழிக்க முயன்று, வோல்ட் சரிந்து, மறுபடி விழிக்க முயன்று என்று சுற்றிக்கொண்டே இருக்கும். மல்டிமீட்டரை மாட்யூலின் 3.3 வோல்ட் பின்னில் வைத்துப் பாருங்கள், அடாப்டர் முனையில் அல்ல. மூன்றுக்குக் கீழே ஆடினால் தனி 3.3 வோல்ட் சப்ளை கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது, சிக்னலின் வோல்ட். அடாப்டரில் 3.3, 5 என்று ஜம்பர் இருப்பதால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். சில மலிவு அடாப்டர்களில் அந்த ஜம்பர் சப்ளை பின்னை மட்டுமே மாற்றும். டிஎக்ஸ் (அனுப்பும்) பின் 5 வோல்ட்டிலேயே நிற்கும். இதைச் சோதிப்பது சுலபம். சீரியல் கம்பி சும்மா இருக்கும்போது டிஎக்ஸ் எப்போதும் உயர்நிலையில்தான் இருக்கும். ஆகவே எதையும் இணைக்காமல் அடாப்டரைக் கணினியில் செருகி, டிஎக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டர் வைத்தால் உண்மையான அளவு தெரிந்துவிடும். 3.3 அருகே இருந்தால் இணைக்கலாம். 5 காட்டினால் அந்த அடாப்டரை இந்த வேலைக்குத் தொடாதீர்கள்.

பிறகு, டிஎக்ஸும் ஆர்எக்ஸும் (பெறும் பின்) குறுக்காக இணைய வேண்டும்: அடாப்டரின் டிஎக்ஸ் பிளக்கின் ஆர்எக்ஸுக்கு, அதன் ஆர்எக்ஸ் இதன் டிஎக்ஸுக்கு. சந்தேகம் வந்தால் மாற்றி மாட்டிப் பாருங்கள், இந்த இரண்டை மாற்றுவதால் ஒன்றும் எரியாது. சப்ளையையும் கிரவுண்டையும் மாற்றினால்தான் போச்சு.

இவ்வளவும் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால், சிப் ஏற்றும் நிலைக்கே வரவில்லை என்று அர்த்தம். ஜிபிஐஓ0 பின் கிரவுண்டைத் தொட்டிருக்கும் நிலையில் மின்சாரம் வர வேண்டும். வந்த பிறகு தொட்டால் பயனில்லை. சிப் அந்தப் பின்னைப் பார்ப்பது விழிக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் யுஎஸ்பி செருகுவது நடுக்கத்தில் தவறிப்போகும். ஒரு சிறு கம்பியை ஜிபிஐஓ0-க்கு சால்டர் வைத்து கிரவுண்டோடு கட்டிவிடுவது நல்லது. பல பிளக்குகளில் மேலே இருக்கும் பொத்தானே ஜிபிஐஓ0-ல் இருக்கும். அப்படியென்றால் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தாலே போதும்.

சிப் எந்த நிலையில் விழித்தது என்று ஊகிக்கத் தேவையில்லை, கேட்டே தெரிந்துகொள்ளலாம். சீரியல் மானிட்டரை 74880 வேகத்தில் திறந்து மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். இந்த விசித்திரமான எண், சிப்பின் உள்ளே பதிந்த நிரல் பேசும் வேகம். 115200-ல் திறந்தால் இதே வரி வெறும் கிறுக்கலாகத்தான் வரும். வரும் வரியில் 'பூட் மோடு' என்பதற்குப் பின்னால் அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 1 என்றால் ஏற்றத் தயார். 3 என்றால் சாதாரணமாக ஃபிளாஷிலிருந்து ஓடப் போகிறது, அதாவது ஜிபிஐஓ0 தொடர்பு சரியில்லை. ஒரு வரிகூட வரவில்லையென்றால் மின்சாரம் அல்லது டிஎக்ஸ் கம்பி. மூன்று கிளையாகப் பிரித்துக் காட்டும் இந்த ஒரு சோதனையைத் தெரிந்துகொண்டால் அரை நாள் அலைச்சல் மிச்சம். பார்த்து முடித்ததும் மானிட்டரை மூடிவிடுங்கள், இல்லையென்றால் போர்ட் வேறு நிரலின் பிடியில் இருக்கிறது என்று ஏற்றும் கருவி புலம்பும்.

ஈஎஸ்பி32-சி3 சிப் உள்ள பிளக் என்றால் தொட வேண்டியது ஜிபிஐஓ9, ஜிபிஐஓ0 அல்ல. ஃபர்ம்வேர் ஃபைலும் வேறு.

அழிக்கும் கட்டளை போனது, எழுதும் கட்டளை போகவில்லை

பிழையே இல்லை இது. சாதாரண நான்கு கம்பி இணைப்பில் கருவியால் சிப்பைத் தானாக ரீசெட் செய்ய முடியாது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் மின்சாரத்தை எடுத்து, ஜிபிஐஓ0 கிரவுண்டில் இருக்க, மறுபடி கொடுக்க வேண்டும். பழைய ஃபர்ம்வேரை நகலெடுப்பது, அழிப்பது, எழுதுவது என்று மூன்று வேலை என்றால் மூன்று முறை. நகலெடுப்பதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பழைய நிலைக்குத் திரும்ப வேறு வழி கிடையாது. அந்த நகலுக்குள் உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் இருக்கும் என்பதால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

பாதியில் அறுந்துபோகிறது, அல்லது எம்டி5 பொருந்தவில்லை என்கிறது

எம்டி5 என்பது எழுதியது பிழையின்றி ஏறியதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண். தொடர்பு இருக்கிறது, ஆனால் தூய்மையாக இல்லை. கம்பிகளைக் குட்டையாக்குங்கள். அழுத்திப் பிடித்திருக்கும் பின்களை விட்டுவிட்டு சால்டர் வையுங்கள். வேகத்தை 115200-லிருந்து 57600-க்கு இறக்குங்கள். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் நேராகக் கணினியில் செருகுங்கள். அப்போதும் அதே இடத்தில் அறுந்தால் மேலே சொன்ன மின்சாரச் சோதனைக்குத் திரும்புங்கள்.

நூறு சதவீதம் ஏறியது, ஆனால் அசைவே இல்லை

ஜிபிஐஓ0 கம்பியை எடுத்தீர்களா? அது கிரவுண்டிலேயே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஏற்றும் நிலையில்தான் விழிக்கும், வைஃபை வராது. கம்பியைக் கழற்றி மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள். அப்போதும் இல்லையென்றால் ஃபிளாஷ் மோடைப் பாருங்கள். பிளக்குகளில் அதிகம் வரும் ஈஎஸ்பி8285, 1 எம்பி ஃபிளாஷைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் சிப். இதற்கு 'டிஅவுட்' மோடில் எழுத வேண்டும். வேறு மோடில் எழுதினால் கருவி வெற்றி என்று சொல்லும், சிப் ஓடாது. மூன்றாவது காரணம், பழைய ஃபர்ம்வேரின் மிச்சம். ஃபிளாஷை முழுதாக அழித்துவிட்டு எழுதினால் தீர்ந்துவிடும்.

டாஸ்மோட்டா வைஃபை தெரிகிறது, பக்கம் திறக்கவில்லை

போனின் மொபைல் டேட்டாவை அணையுங்கள். பிளக்கின் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிறகு பிரவுசரில் 192.168.4.1 என்று நீங்களே தட்டுங்கள்.

வீட்டு வைஃபை விவரம் கொடுத்த பிறகு பிளக் காணாமல் போனது

இந்தச் சிப்புகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பது பொதுவாகப் பிரச்சினை இல்லை. சேர மறுத்தால் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்திருந்தால் டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதியுங்கள். கடவுச்சொல்லை போனில் தட்டும்போது முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாவதும், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்வதும் கண்ணுக்குத் தெரியாத தொல்லைகள்.

விவரம் தவறாகப் பதிந்துவிட்டால் டாஸ்மோட்டா இயல்பாகவே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், தன் சொந்த வைஃபையைக் காட்டாது. பிளக் செத்துவிட்டதாகத் தோன்றுவது இதனால்தான். இதிலிருந்து மீட்க ஒரு வழி இருக்கிறது. பிளக்கை மூடி மெயினில் செருகி, மின்சாரத்தை ஆறு முறை வேகமாகப் போட்டுப் போட்டு அணைத்து, ஏழாவது முறை போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்குள் அணைத்திருக்க வேண்டும். அமைப்புகள் அழிந்து 'டாஸ்மோட்டா' என்று தொடங்கும் வைஃபை மறுபடி தோன்றும். சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டு இருந்தால் கைக்கு வசதி.

கரன்ட் வந்து வந்து போன பிறகு எல்லா அமைப்பும் அழிந்துவிட்டது

மேலே சொன்ன அதே வசதி, நீங்கள் கேட்காத நேரத்தில் வேலை செய்திருக்கிறது. மின்சாரம் படபடவென்று விட்டுவிட்டு வரும் இடம் என்றால், எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் டாஸ்மோட்டா பக்கத்தின் கன்சோலில் (கட்டளை தட்டும் இடம்) 'செட்ஆப்ஷன்65 1' கொடுத்து இதை அணைத்துவிடுங்கள். ஆனால் அப்போது மீட்க உதவும் அந்த வழியும் போய்விடும் என்பதை மனதில் வையுங்கள். அமைப்புகளை ஃபைலாகச் சேமித்து வைத்துவிட்டு இதைச் செய்வது நல்லது.

ரிலே அடிக்கவில்லை, எல்இடி தலைகீழாக எரிகிறது, பிளக் தானாக ஆன் ஆகிறது

ஃபர்ம்வேருக்கு எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும், அதுதான் டெம்ப்ளேட். உங்கள் மாடலின் டெம்ப்ளேட்டை ஒட்டிய பிறகு மாட்யூல் 0-ஐத் தேர்ந்தெடுத்தால்தான் அது நடைமுறைக்கு வரும். ஒட்டிவிட்டு இந்தப் படியை விட்டுவிடுபவர்கள் நிறைய. எல்இடி தலைகீழ் என்றால் அந்தப் பின்னுக்கு 'ஐ' என்று முடியும் எதிர்மறை வகையைக் கொடுங்கள்.

ஆபத்தானது, எதுவும் இணையாத பின்னைப் பொத்தான் என்று குறித்துவிடுவது. அந்தப் பின் காற்றில் மிதக்கும். அதன் ஆட்டத்தைப் பொத்தான் அழுத்தம் என்று எண்ணி ரிலே தானாக அடிக்கும். தொடர்ந்து அழுத்தியதாகத் தோன்றினால் 40 நொடியில் எல்லா அமைப்பையும் அழித்துவிடும். "ஒரு நிமிடம் கூடத் தாங்காமல் ரீசெட் ஆகிறது" என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். சரியான பின்னைக் கண்டுபிடிக்கும் வரை ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் போன்ற எதையும் அந்தப் பிளக்கில் மாட்ட வேண்டாம்.

மின் அளவு தப்பாகக் காட்டுகிறது

வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கரன்ட்டும், கரன்ட் இடத்தில் வோல்ட்டும் வருவது போல விபரீத எண்கள் வந்தால், அளக்கும் சிப் எச்எல்டபிள்யூ8012-ஆ, பிஎல்0937-ஆ என்று பாருங்கள். இரண்டும் ஒரே பின்னில் வோல்ட்டையும் கரன்ட்டையும் மாறி மாறித் தரும். எது வேண்டும் என்று சொல்லும் 'செல்' பின் பிளக்குக்குப் பிளக் நேரெதிராக இருக்கலாம். அந்தப் பின்னின் வகையை மாற்றினால் எண்கள் இடம் மாறிக்கொள்ளும். சிஎஸ்இ7766 சிப் என்றால் அது சீரியல் வழியாக 4800 வேகத்தில் பேசும். டாஸ்மோட்டா அதே சீரியலில் எழுதும் லாகை (குறிப்புகளை) அணைத்து வையுங்கள்.

எண்கள் ஓரளவு சரி, ஆனால் பத்து இருபது சதவீதம் தள்ளி இருக்கிறதா? அது பிழையல்ல, அளவு திருத்தம் செய்யாததுதான். 60 வாட் குண்டு பல்பு போன்ற சுத்தமான மின்தடைச் சுமையை மாட்டி, ஒரு நிமிடம் விட்டு, நம்பகமான மீட்டர் காட்டும் அளவை 'பவர்செட்', 'வோல்டேஜ்செட்', 'கரன்ட்செட்' கட்டளைகளில் கொடுங்கள். கரன்ட் மில்லிஆம்பியரில். எல்இடி பல்பை வைத்துத் திருத்தாதீர்கள், அதன் மின்னோட்டம் சீரான அலையாக இருக்காது.

அப்டேட் செய்தால் இடம் போதவில்லை என்கிறது

1 எம்பி ஃபிளாஷில் ஓடும் நிரலும் புதிதாக வரும் நிரலும் சேர்ந்து அடங்காது. அதனால் முதலில் டாஸ்மோட்டா-மினிமல் என்ற சிறிய ஃபைல், அது ஓடத் தொடங்கியதும் முழு ஃபைல். இடையில் பக்கத்தில் பொத்தான்கள் காணாமல் போயிருக்கும், பயப்படாமல் அடுத்த ஃபைலைக் கொடுங்கள். வருடக்கணக்கில் அப்டேட் செய்யாத பிளக் என்றால் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போகாமல், 6.7.1, 7.2.0, 8.5.1, 9.1 என்று படிப்படியாக ஏறுங்கள். அமைப்புகளைச் சேமிக்கும் முறை இடையில் பல தடவை மாறியிருக்கிறது.

பெக்கன் சிப் பதிலே சொல்லவில்லை

இங்கே ஜிபிஐஓ0 வித்தை கிடையாது. ஏற்றும் கருவியை முதலில் ஓடவிட்டு, அது கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சிப்பை மறுதொடக்கம் செய்ய வேண்டும். மின்சாரத்தை எடுத்துக் கொடுப்பதைவிட, சிப்பை மறுதொடக்கம் செய்ய வைக்கும் சிஇஎன் பின்னை ஒரு கணம் கிரவுண்டில் தொட்டு எடுப்பது உறுதியானது. பலகையில் உள்ள கெபாசிட்டர்கள் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும், சிப் அணைந்திருக்கவே இருக்காது. கம்பி போக வேண்டியது டிஎக்ஸ்1, ஆர்எக்ஸ்1. லாக் வரும் டிஎக்ஸ்2-ஐப் பிடித்துக்கொண்டு போராட வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் மௌனம் என்றால், பலகையில் பிஎல்0942 என்ற சிப் இருக்கிறதா பாருங்கள். மின் அளவு எடுக்கும் இந்தச் சிப் அதே டிஎக்ஸ்1, ஆர்எக்ஸ்1 தடத்தில்தான் பேசுகிறது. அடாப்டர் அனுப்பும் சொல்லை அது அமுக்கிவிடும். மாட்யூலுக்கும் அதற்கும் இடையே தடத்தில் சிறு மின்தடை இருந்தால் அதை எடுத்துவிட்டு ஏற்றி, பிறகு திரும்ப வையுங்கள். மின்தடை இல்லாத பலகையில் மாட்யூலையே கழற்ற வேண்டியிருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த அழியாத நிரல் என்ற பாதுகாப்பு பெக்கனுக்குப் பொருந்தாது. இதன் ஏற்றும் நிரல் ஃபிளாஷின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 'டி' வகையும் 'என்' வகையும் ஒரே எண்ணோடு வரும், ஃபைல்கள் வேறு. பிகே7231டி-க்கு 'யுஏ' ஃபைல், பிகே7231என்-க்கு 'க்யூஐஓ' ஃபைல். அந்தத் தொடக்கப் பகுதி கெட்டால் சீரியல் கதவு மூடிவிடும், எஸ்பிஐ என்ற வேறு வகை இணைப்பு வழியாகத்தான் மீட்க முடியும். எனவே சிப்பின் கடைசி எழுத்தை லென்ஸ் வைத்தாவது படித்துவிட்டு ஃபைலைத் தேர்ந்தெடுங்கள், முதலில் 2 எம்பி முழுவதையும் நகலெடுங்கள்.

சீரியலில் நன்றாக ஓடுகிறது, மெயினில் செருகினால் ஓடவில்லை

ஃபர்ம்வேரில் குற்றம் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. திறக்கும்போது ஏதாவது விரிசல் விட்டிருக்கும், சால்டர் துளி இரண்டு புள்ளிகளைச் சேர்த்திருக்கும், அல்லது பிளக்கின் சொந்த மின்வழங்கி நொந்திருக்கும். செருகியதும் வைஃபை வந்து, ரிலே அடிக்கும் நொடியில் மட்டும் அணைந்து மறுபடி விழித்தால் மின்வழங்கியின் கெபாசிட்டர்மேல் சந்தேகப்படுங்கள். செருகுமுன் பலகையை வெளிச்சத்தில் பிடித்து, மாட்யூல் நிற்கும் ஓரத்தையும் மெயின் தடங்களையும் ஒரு முறை பாருங்கள். சால்டர் துளி இருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். மெயின் தடம் விரிந்திருந்தாலோ, ரிலேயின் கால்கள் கருகியிருந்தாலோ, மூடி பழையபடி இறுக்கமாகப் பூட்டாமல் போனாலோ அந்தப் பிளக்கைச் சுவரில் செருகாதீர்கள். அதன் மாட்யூல் நன்றாக இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மின்கழிவில் சேர்த்துவிடுங்கள்.